ஊருக்கு நன்கொடை, சொத்து வரியில் வரவு: நியூஜெர்சியில் புதிதாக வீடு வாங்கியவர்களுக்கு

நியூஜெர்சியில் வீடு வாங்கியவர்கள் முதல் சொத்து வரி பில்லைக் கையில் எடுத்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதைக் குறைக்க வழியே இல்லையா? நியாயமான கேள்வி. 2024இல் இந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்கான சராசரி சொத்து வரியே 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. நல்ல பள்ளிக்கூடம் என்று பார்த்துப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிற நம் குடும்பங்களுக்குச் சராசரியை விடக் கூடுதலாகவே வரும்.

அப்படிப் பேச்சு வரும்போது யாராவது ஒருவர் ஒரு யோசனை சொல்வார். ஊர் நிர்வாகம் நடத்தும் பொதுநல நிதிக்கு நன்கொடை கொடுத்தால், அதில் 90 சதவீதத்தைச் சொத்து வரியில் வரவு வைத்துக்கொள்வார்கள். அதே நன்கொடைக்கு ஃபெடரல் வருமான வரியிலும் முழுக் கழிவு கிடைக்கும் என்பார். இதில் முதல் பாதி இன்றும் சட்டத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதி 2018 ஆகஸ்ட் 27ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முடிந்தது தெரியாமல் காசோலை எழுதினால், எதிர்பார்த்த லாபத்துக்குப் பதில் நஷ்டம்தான் மிஞ்சும். அதனால் கொடுப்பதற்கு முன் எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இரண்டு சொற்களை மட்டும் முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். கழிவு என்பது வரி போடப்படும் வருமானத்தைக் குறைப்பது. 22 சதவீத வருமான வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,000 டாலர் கழிவால் மிச்சமாவது 220 டாலர். வரவு என்பது கட்ட வேண்டிய வரியிலேயே குறைப்பது. 1,000 டாலர் வரவு என்றால் 1,000 டாலரும் மிச்சம். ஒரே நன்கொடைக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்ததால்தான் இந்தத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் அத்தனை மவுசு.

இது எப்படி வந்தது

2017 டிசம்பரில் கையெழுத்தான ஃபெடரல் வரிச் சட்டம், மாநில, உள்ளூர் வரிகளுக்காகக் காட்டக்கூடிய கழிவுக்கு 10,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்தது. அதுவரை வரம்பே இருந்ததில்லை. சொத்து வரியும் மாநில வருமான வரியும் அதிகமாக உள்ள நியூஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்களுக்கு அது பலத்த அடி.

மூன்று மாநிலங்களும் ஒரே வழியைக் கண்டுபிடித்தன. வரிக்கு உச்சவரம்பு இருக்கிறது. நன்கொடைக்கு அந்த வரம்பு இல்லை. ஃபெடரல் சட்டப்படி மாநில அரசுக்கோ ஊராட்சிக்கோ பொதுக் காரியத்துக்காகக் கொடுக்கும் பணமும் நன்கொடைதான். ஆகவே, வரியாகக் கட்டுவதை நன்கொடையாகக் கொடுக்கட்டும், பதிலுக்கு வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் இயற்றின. நியூஜெர்சியில் ஆளுநர் பில் மர்ஃபி 2018 மே 4ஆம் தேதி கையெழுத்திட்டார்: ஊராட்சிகளும் கவுன்ட்டிகளும் பள்ளி மாவட்டங்களும் பொதுநல நிதி அமைக்கலாம், நன்கொடையில் 90 சதவீதம் வரை சொத்து வரியில் வரவு தரலாம். நியூயார்க் 95 சதவீதம் வரையும் கனெக்டிகட் 85 சதவீதம் வரையும் அனுமதித்தன.

அன்று கணக்கு எப்படி இருந்தது என்று பாருங்கள். உச்சவரம்பை ஏற்கெனவே தாண்டிவிட்ட ஒருவர், 24 சதவீத அடுக்கில் இருப்பவர், 10,000 டாலர் கொடுக்கிறார். சொத்து வரியில் 9,000 டாலர் வரவு. ஃபெடரலில் 10,000 டாலருக்குக் கழிவு, அதாவது 2,400 டாலர் மிச்சம். கையிலிருந்து 10,000 போனது, 11,400 திரும்பியது. கொடுத்ததை விடக் கூடுதலாகத் திரும்பினால் அது நன்கொடையா என்று ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் கேட்டது. 2018 மே மாதமே எச்சரிக்கை விடுத்தது, ஆகஸ்டில் வரைவு விதியை வெளியிட்டது, 2019 ஜூனில் அதை இறுதியாக்கியது. பதிலுக்கு வரி வரவு கிடைத்தாலோ கிடைக்கும் என்று எதிர்பார்த்தாலோ, அந்தத் தொகையை நன்கொடையிலிருந்து கழித்துவிட்டு மீதிக்குத்தான் கழிவு என்பது விதி. 2018 ஆகஸ்ட் 27க்குப் பிறகு கொடுத்த எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஐஆர்எஸ் செய்ததில் எனக்கு முழுச் சமாதானம் இல்லை. அரிசோனா 1997இலிருந்து பள்ளி நிதிகளுக்குக் கொடுப்பவர்களுக்கு வரி வரவு தந்துவந்தது. வேறு பல மாநிலங்களிலும் இதே போன்ற திட்டங்கள் இருந்தன. 2011இல் ஐஆர்எஸ்ஸின் தலைமைச் சட்ட அலுவலகமே இந்த மாதிரி வரவைப் பிரதிபலனாக எண்ண வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறது. வரி அதிகமுள்ள மாநிலங்கள் அதே வழியில் இறங்கிய பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. மூன்று மாநிலங்களும் நியூயார்க்கின் ஸ்கார்ஸ்டேல் கிராமமும் 2019இல் வழக்குப் போட்டன. 2024இல் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம் ஐஆர்எஸ் பக்கமே தீர்ப்பளித்தது. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இன்று விதி இதுதான்.

முதல் படி: பில்லை எடுத்து வைத்துப் படியுங்கள்

வீட்டுக் கடன் உள்ளவர்களில் பலர் தங்கள் சொத்து வரி பில்லைப் பார்த்ததே இல்லை. வங்கி மாதத் தவணையோடு சேர்த்து எஸ்க்ரோ கணக்கில் பிடித்து, அதுவே கட்டிவிடுகிறது. ஊரின் வரி வசூல் அலுவலகத்தில் கேட்டால் நகல் தருவார்கள். பெரும்பாலான ஊர்களில் இணையத்திலேயே கிடைக்கும்.

பில்லின் மேல்பகுதியில் பிளாக், லாட் என்று இரண்டு எண்கள் இருக்கும். வரி அலுவலகத்தைப் பொறுத்தவரை உங்கள் வீட்டுக்கு அதுதான் பெயர். நன்கொடை, முறையீடு, சலுகை எதுவானாலும் இந்த எண்களைக் கேட்பார்கள், குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அதன் கீழே மதிப்பீட்டுத் தொகை, பிறகு கவுன்ட்டிக்கு எவ்வளவு, பள்ளிக்கு எவ்வளவு, ஊராட்சிக்கு எவ்வளவு என்ற பிரிப்பு. பெரும்பாலான ஊர்களில் பாதிக்கு மேல் பள்ளிக்குத்தான் போகிறது. தவணைகள் நான்கு: பிப்ரவரி 1, மே 1, ஆகஸ்ட் 1, நவம்பர் 1.

இரண்டாம் படி: உங்கள் ஊரில் அப்படி ஒரு நிதி இருக்கிறதா?

மாநிலச் சட்டம் அமைக்கலாம் என்று அனுமதிதான் தந்தது. அமைத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஐஆர்எஸ் விதி வந்த பிறகு பல ஊர்கள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டன. ஆகவே ஊராட்சிச் செயலர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2018 சட்டத்தின் கீழ் பொதுநல நிதி அமைக்க மன்றம் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறதா, எந்தக் காரியத்துக்கு, வரவு எத்தனை சதவீதம், எந்தத் தவணையில் வரவு வைப்பீர்கள், இந்த ஆண்டு நன்கொடை ஏற்கிறீர்களா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கிடைக்கும் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

பதில் இல்லை என்று வந்தால் விஷயம் அதோடு முடிந்தது. ஊரின் பெயரைச் சொல்லி, வரி வரவு வாங்கித் தருகிறோம், எங்களிடம் பணம் கட்டுங்கள் என்று யாராவது தொலைபேசியில் பேசினால் வைத்துவிடுங்கள். இந்த வரவைத் தரக்கூடியது ஊரின் வரி அலுவலகம் மட்டுமே. இடைத்தரகருக்கு இதில் வேலையே இல்லை.

மூன்றாம் படி: நீங்கள் எந்த வகைக் கழிவு எடுக்கிறீர்கள்?

ஃபெடரல் படிவத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லோருக்கும் பொதுவான நிலையான கழிவு: கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2025க்கு 31,500 டாலர், 2026க்கு 32,200. இன்னொன்று, ஷெடியூல் ஏ படிவத்தில் வீட்டுக் கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை என்று தனித்தனியாகக் காட்டுவது. தனித்தனியாகக் காட்டிய மொத்தம் நிலையான கழிவைத் தாண்டினால்தான் அந்த வழியில் பயன். போன வருடத் தாக்கலை எடுத்துப் பாருங்கள். அதில் ஷெடியூல் ஏ இல்லையென்றால் நன்கொடை, கழிவு என்று பேசுவதில் உங்களுக்குப் பெரும்பகுதி பொருந்தாது. 2026இலிருந்து ஒரு சிறு மாற்றம்: நிலையான கழிவு எடுப்பவர்களும் ரொக்க நன்கொடைக்குத் தனிநபர் 1,000 டாலர், தம்பதியர் 2,000 டாலர் வரை கூடுதலாகக் கழித்துக்கொள்ளலாம்.

உச்சவரம்பும் மாறிவிட்டது. 2025 ஜூலை 4ஆம் தேதி கையெழுத்தான சட்டம் அந்த 10,000 டாலரை 2025க்கு 40,000 ஆகவும், 2026க்கு 40,400 ஆகவும் உயர்த்தியது. 2029 வரை ஆண்டுக்கு ஒரு சதவீதம் கூடும். 2030இல் மறுபடியும் 10,000. வருமானம் ஏறத்தாழ 5 லட்சம் டாலரைத் தாண்டினால் இந்த வரம்பு படிப்படியாகக் குறைந்து, ஏறத்தாழ 6 லட்சத்தில் பழைய 10,000க்கே வந்துவிடும். நன்கொடை யோசனை பிறந்ததே அந்தப் பழைய வரம்பால்தான். நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கு இப்போது அந்த வரம்பு இடிப்பதே இல்லை.

நான்காம் படி: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டி ஓட வேண்டாம். காகிதத்தை எடுத்து உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு குடும்பம். இருவரும் வேலை பார்க்கிறார்கள், மொத்த வருமானம் 2,50,000 டாலர். சொத்து வரி 14,000. நியூஜெர்சி வருமான வரி 11,000. வீட்டுக் கடன் வட்டியும் சேர்ந்து நிலையான கழிவைத் தாண்டுவதால் ஷெடியூல் ஏ வழியில் காட்டுகிறார்கள். அடுக்கு 22 சதவீதம். அவர்கள் ஊரில் நிதி இருக்கிறது, 90 சதவீத வரவும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

நன்கொடை கொடுக்காவிட்டால்: 14,000மும் 11,000மும் சேர்ந்து 25,000. வரம்பு 40,400. முழுவதும் கழிவு.

10,000 டாலர் கொடுத்தால்: 9,000 வரவு போக, சொத்து வரி மீதி 5,000. நன்கொடையோடு சேர்த்துக் கையிலிருந்து போனது 15,000. அதாவது 1,000 டாலர் கூடுதல். நன்கொடைக் கழிவாகக் காட்டக்கூடியது 10,000இல் 9,000 போக வெறும் 1,000. அந்த 9,000 வீணாகிவிடாது. வரவு வைக்கப்பட்ட ஆண்டில் அதை உள்ளூர் வரி கட்டியதாகவே கருதிக்கொள்ள ஐஆர்எஸ் வழி விட்டிருக்கிறது. ஆகவே வரிக் கழிவு 5,000, 9,000, 11,000 சேர்த்து மறுபடியும் அதே 25,000. வரம்பும் அதே வரம்பு.

மாறியது அந்த 1,000 டாலர் நன்கொடை மட்டும்தான். அதற்கும் 2026இலிருந்து ஒரு தடை வருகிறது: தனித்தனியாகக் கழிவு காட்டுபவர்களுக்கு, வருமானத்தில் முதல் அரை சதவீத நன்கொடைக்குக் கழிவு கிடையாது. 2,50,000க்கு அது 1,250. கோயிலுக்கோ வேறு அறக்கட்டளைக்கோ அந்த ஆண்டு எதுவும் கொடுக்கவில்லையென்றால் இந்த 1,000க்குக் கிடைக்கும் கழிவு பூஜ்யம்.

இப்போது ஊரின் பக்கத்திலிருந்து பாருங்கள், பலரும் இதைப் பார்ப்பதில்லை. ஊர் நிதிக்கு 10,000 வந்தது. வரி வசூலில் 9,000 போனது. ஊருக்கு உண்மையில் கூடியதும் அதே 1,000தான். மீதி 9,000 ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பெயர் மாறிப் போகிறது, அவ்வளவே. அப்படியிருக்க, ஊர் நூலகத்துக்கோ பூங்காவுக்கோ ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதில் இருந்தால், நேரடியாக 1,000 டாலர் கொடுத்துவிடுங்கள். வரவு எதுவும் வாங்காத நன்கொடை என்பதால் ஐஆர்எஸ் விதியில் குறைக்க ஒன்றுமில்லை. ஊருக்கும் அதே ஆயிரம், உங்களுக்கும் அதே செலவு, அலைச்சல் மிச்சம்.

வருமானம் 6 லட்சத்துக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும் 10,000 வரம்பு இன்னும் இடிக்கும். ஆனால் நன்கொடை அவர்களுக்கும் கைகொடுக்காது; அந்த 9,000 நன்கொடையாகவும் காட்ட முடியாது, வரிக் கழிவிலும் வரம்பில் மோதும்.

15 சதவீத விலக்கு

விதியில் ஒரு சிறு வாசல் இருக்கிறது. பதிலுக்குக் கிடைக்கும் மாநில, உள்ளூர் வரி வரவு நன்கொடையில் 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் எதையும் குறைக்க வேண்டியதில்லை. 1,000 கொடுத்து 150 வரவு வாங்கினால், 1,000க்கும் கழிவு காட்டலாம். வரவு 160 ஆகிவிட்டால் கழிவு 840தான். பத்து டாலர் கூடியதற்கு 160 டாலர் கழிவு போய்விடும். ஊராட்சிக் கூட்டங்களில் பேசுகிற பழக்கம் உள்ளவர்கள் இதை மன்றத்தின் காதில் போடலாம். 90 சதவீத வரவு தரும் நிதியை விட 10, 15 சதவீதம் தரும் சிறிய நிதி ஊருக்கும் நல்லது, கொடுப்பவருக்கும் நல்லது என்பது என் எண்ணம். அங்கே ஊருக்கு நிஜமாகவே பணம் சேர்கிறது.

ஐந்தாம் படி: கொடுப்பதென்று முடிவு செய்தால்

காசோலையில் நிதியின் முழுப் பெயரும், குறிப்பில் பிளாக், லாட் எண்களும் இருக்கட்டும். 250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தால், தொகை, தேதி, பதிலுக்கு என்ன கிடைத்தது என்பவை எழுதிய ரசீது வருமான வரித் தாக்கலுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வங்கி அறிக்கை மட்டும் போதாது.

எஸ்க்ரோ உள்ளவர்கள் வங்கிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஊர் வரவு வைப்பதற்குள் வங்கி முழுத் தவணையையும் கட்டிவிட்டால், நன்கொடைப் பணமும் போய், எஸ்க்ரோ பணமும் போய், சரிசெய்யும் வரை காத்திருக்க வேண்டிவரும். வரவு பதிவான பிறகு வரி அலுவலகத்திலிருந்து திருத்திய நிலுவையை எழுத்தில் வாங்கி வங்கிக்கு அனுப்பினால் சிக்கல் இல்லை.

வரவை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும் என்று ஊர் வைத்திருந்தால், விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் உரிமையும் உங்களுக்கு உண்டு. அப்போது முழு நன்கொடைக்கும் கழிவு.

வேறு மாநிலங்களில் இருப்பவர்களுக்கு

நியூயார்க்கில் ஊராட்சியும் பள்ளி மாவட்டமும் தனித்தனி நிதி வைக்கலாம். பள்ளி நிதிக்குக் கொடுத்தால் பள்ளி வரியில்தான் வரவு. மாநில அளவில் சுகாதாரத்துக்கும் பள்ளிக்கல்விக்கும் நன்கொடை நிதி உண்டு, அதற்கு 85 சதவீத வருமான வரி வரவு. 1,000 கொடுத்தால் ஃபெடரலில் காட்டக்கூடியது 150.

அரிசோனாவில் இருப்பவர்களுக்கு நிலைமை மேல். அரசுப் பள்ளியின் பாடம் சாராத செயல்பாடுகளுக்குத் தம்பதியர் 400 டாலர் வரை கொடுத்து முழுவதையும் மாநில வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம். அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஃபெடரல் கழிவு இல்லாவிட்டாலும், எப்படியும் கட்ட வேண்டிய வரியை நீங்கள் சுட்டுகிற பள்ளிக்கு அனுப்புகிறீர்கள். இது செய்ய வேண்டிய காரியம்.

மாசசூசெட்ஸில் பணத்துக்குப் பதில் உழைப்பு. 60 வயதைத் தாண்டிய வீட்டு உரிமையாளர்கள் நூலகத்திலோ ஊர் அலுவலகத்திலோ வேலை செய்து, ஊர் ஏற்றுக்கொண்டிருந்தால், ஆண்டுக்கு 2,000 டாலர் வரை சொத்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகையை ஃபெடரல் வரித்துறை வருமானமாகவே கணக்கில் எடுக்கும்.

இந்தியாவில் உள்ள வீடும், அங்கே அனுப்பும் பணமும்

சென்னையிலோ மதுரையிலோ உள்ள சொந்த வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியை அமெரிக்காவின் ஷெடியூல் ஏ படிவத்தில் காட்ட முடியாது. 2018இலிருந்து வெளிநாட்டுச் சொத்து வரிக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாடு முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுப்பதும் இங்கே நன்கொடைக் கழிவு ஆகாது. சட்டம் அமெரிக்க அரசுகளை மட்டுமே சொல்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் சொத்து வரி வேறு வகை. அது வாடகை வருமானத்துக்கு எதிரான செலவு, உச்சவரம்பு அதைத் தொடாது.

நன்கொடை இல்லாமலே கிடைப்பது

நியூஜெர்சியில் ஆங்கர் என்ற சொத்து வரி நிவாரணம் இருக்கிறது. சமீப ஆண்டுகளில் வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ள வீட்டு உரிமையாளர்களுக்கு 1,500 டாலரும், 2,50,000 வரை 1,000 டாலரும் கிடைத்துவந்தன. வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒரு தொகை உண்டு. புதிதாக வந்தவர்கள் தங்களுக்குக் கிடைக்காது என்று நினைத்தே விட்டுவிடுகிறார்கள். குறிப்பிட்ட ஆண்டின் அக்டோபர் 1 அன்று அந்த வீடு உங்களுடையதாகவும் நீங்கள் குடியிருப்பதாகவும் இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். செப்டம்பரில் பத்திரம் முடித்தவருக்கு அந்த ஆண்டே தகுதி. அக்டோபர் கடைசியில் முடித்தவர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுப் பத்திர நகலையும் வருமான வரித் தாக்கலையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாநில வரித்துறையின் இணையதளத்தில் இந்த ஆண்டின் கடைசித் தேதியைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.